வழுவழுப்பின் அறிவியல்

நுழையும்முன்

கிருமிநாசினியைத் தெளித்துவிட்டால் கிருமிகள் அழிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும், நாள்தோறும் கிருமிநாசினி பயன்படுத்தும் உணவு ஆலைகளிலிருந்தே நோய்க்கிருமிகள் புறப்பட்டு, நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. தனித்து மிதக்கும்போது எளிதில் மடியும் பாக்டீரியா, கூட்டமாக ஒட்டிக்கொண்டால் மடிய மறுப்பது ஏன்? பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவும் எளிய செயலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலை விளக்குகிறது இக்கட்டுரை.

டெல்ஃப்ட் நகரில் ஓர் ஆய்வு

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் துணி வணிகம் செய்தவர் ஆன்டனி வான் லீவன்ஹூக். தம் கையாலேயே தேய்த்து உருவாக்கிய சிறு வில்லைகளைக் கொண்டு கண்ணுக்குப் புலனாகாத உயிர்களைக் கண்டு உலகுக்கு உரைத்தவர் அவர். நாள்தோறும் காலையில் உப்பால் பல் தேய்த்து, நீரால் வாய் கொப்பளிக்கும் பழக்கம் உடையவர். கடைவாய்ப் பற்களைத் துணியால் துடைக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும் பற்களின் இடுக்கில் மாவு போன்ற வெண்ணிறப் படிவு சிறிது தங்கியிருப்பதைக் கண்டார். அதனை மழைநீரில் கலந்து வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தபோது, எண்ணிலடங்காத சிற்றுயிர்கள் நெளிந்து திரிந்தன.

வினிகர் எனப்படும் காடி அவ்வுயிர்களைக் கொல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே காடியால் வாய் கொப்பளித்தார். பின்பு பல்லிடுக்கிலிருந்து மீண்டும் படிவை எடுத்து நோக்கினார். உள்ளே இருந்த உயிர்கள் முன்போலவே இயங்கிக்கொண்டிருந்தன. படிவின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே காடி கொன்றது. உட்புறம்வரை அது ஊடுருவவில்லை என்று இலண்டன் அரசக் கழகத்துக்கு அவர் எழுதினார். அம்மடல் 1684ஆம் ஆண்டு அச்சேறியது. கிருமிநாசினி ஒன்று ஒட்டிவாழும் நுண்ணுயிர்க் கூட்டத்திடம் தோற்றதைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று இது. அவர் கண்டதன் முழுப்பொருளை அறிவியல் உலகம் உணர்வதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின.

தனித்து மிதத்தலும் கூடி ஒட்டுதலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்த நுண்ணுயிரியல், ஒரே இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து, ஊட்டக்கரைசலில் வளர்த்து ஆராயும் முறையை வகுத்தது. காலரா, காசநோய் போன்றவற்றின் கிருமிகள் அடையாளம் காணப்பட்டதற்கு இம்முறையே வழிகோலியது. கிருமிநாசினிகளின் ஆற்றலும் பெரும்பாலும் இவ்வாறே அளக்கப்பட்டது. கரைசலில் மிதக்கும் பாக்டீரியாக்களின்மீது மருந்தைச் சேர்த்து, எத்தனை நிமிடத்தில் எத்தனை மடிகின்றன என்று கணக்கிட்டனர்.

ஆனால், இயற்கையில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அவ்வாறு தனித்து மிதப்பதில்லை. கனடா நாட்டு நுண்ணுயிரியலாளர் வில்லியம் காஸ்டர்ட்டனும் அவர்தம் உடனாய்வாளர்களும் மலையோடைகளை ஆராய்ந்தபோது, ஓடும் நீரில் இருப்பவற்றைக் காட்டிலும் நீரடிக் கற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களே மிக மிகுதி எனக் கண்டனர். பாக்டீரியாக்கள் ஒட்டிவாழும் முறையை விளக்கி 1978இல் அவர்கள் எழுதிய கட்டுரை, இத்துறையின் போக்கையே மாற்றியது. ஒரு பரப்பின்மேல் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைக்கூழுக்குள் பொதிந்து வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் ‘உயிர்ப்படலம்’ எனப்படுகிறது.

உயிர்ப்படலம் எவர்க்கும் புதியதன்று. ஓடைக் கல்லில் கால் வைத்தால் வழுக்குவதும், பல நாள் கழுவாத நீர்த்தொட்டியின் உட்சுவர் விரலுக்கு வழுவழுப்பாகப் படுவதும், காலையில் எழுந்ததும் பல்லின்மேல் நாவுக்குத் தட்டுப்படுவதும் பெரும்பாலும் இதுவே. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ என்னும் முதுமொழி நுண்ணுயிர்களுக்கும் பொருந்தும். அந்நன்மை மனிதர்க்குத் தீமையாக மாறும் இடங்களுள் ஒன்று உணவு ஆலை.

படலம் உருவாகும் விதம்

பால் பதப்படுத்தும் ஆலையில் உள்ள எவர்சில்வர்க் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு அது பளபளப்பாகத் தெரியும். ஆனால், பாக்டீரியாவின் அளவோ ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் அளவில் பார்த்தால், குழாயில் ஏற்பட்ட மெல்லிய கீறலும் ஆழ்ந்த பள்ளத்தாக்கே. பற்றவைத்த இடத்தின் சொரசொரப்பு ஒரு மலைத்தொடரே.

பால் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதிலுள்ள புரதமும் கொழுப்பும் குழாயின் உட்சுவரில் மிக மெல்லிய பூச்சாகப் படிகின்றன. இது முதல் நிலை. பாலுடன் வரும் பாக்டீரியாக்களுட் சில இப்பூச்சைத் தொட்டு ஒட்டுகின்றன. இவ்வொட்டுதல் வலுவற்றது, நீரோட்டம் சற்று வேகமாக இருந்தாலே அவை பெயர்ந்து போகும். இது இரண்டாம் நிலை.

பெயராமல் தங்கியவை பசைக்கூழைச் சுரக்கத் தொடங்குகின்றன. நெடுஞ்சர்க்கரைச் சேர்மங்கள், புரதங்கள், செல்களிலிருந்து வெளிப்பட்ட டி.என்.ஏ. இழைகள் ஆகியன சேர்ந்தது இக்கூழ். அதன் பெரும்பகுதி நீரே ஆயினும், அது பாக்டீரியாக்களைப் பரப்போடும் ஒன்றோடொன்றும் இறுகப் பிணைக்கிறது. இம்மூன்றாம் நிலைக்குப் பின், வெறும் நீரை ஓடவிடுவதால் அவற்றை அகற்ற இயலாது.

அடுத்த நிலையில் படலம் தடிக்கிறது. செல்கள் பெருகுகின்றன, வேறு இனப் பாக்டீரியாக்களும் வந்து குடியேறுகின்றன. கூட்டங்களுக்கு இடையே நுண்ணிய நீர்வழிகள் அமைகின்றன. அவற்றின் வழியே உணவு உள்ளே செல்கிறது, கழிவு வெளியேறுகிறது. முற்றிய படலத்திலிருந்து சில செல்களும் சிறு துண்டுகளும் அவ்வப்போது பிரிந்து, ஓடும் பாலோடு கலக்கின்றன. உணவைப் பொறுத்தவரை தீங்கு விளைவிப்பது இவ்விறுதி நிலையே. ஆலைக்குள் வரும் பால் தூயதாக இருந்தாலும், வெளியேறும் பால் மாசுற்றதாகிவிடும்.

கிருமிநாசினி தோற்பது ஏன்?

உயிர்ப்படலத்தில் வாழும் பாக்டீரியா, மிதந்து வாழும் அதே பாக்டீரியாவைக் காட்டிலும் பத்து முதல் ஆயிரம் மடங்குவரை மிகுதியான மருந்தைத் தாங்கக்கூடியது என்று ஆய்வுநூல்கள் கூறுகின்றன. இதற்குக் காரணங்கள் பல.

முதற்காரணம், மருந்து உள்ளே சென்று சேராமையாகும். ஆலைகளில் மிகுதியாகப் பயன்படும் குளோரின், அழுக்கையும் கிருமியையும் வேறுபடுத்தி அறியாது. எதிர்ப்படும் புரதத்தோடும் பசைக்கூழோடும் வினைபுரிந்து, தன் ஆற்றலைப் படலத்தின் மேற்பரப்பிலேயே இழந்துவிடுகிறது. அடியில் இருக்கும் செல்களை எட்டும்போது அதில் எஞ்சுவது மிகச் சிறிதே. லீவன்ஹூக்கின் காடிக்கு நேர்ந்ததும் இத்தகையதே.

இரண்டாவது காரணம் செல்களின் மந்தநிலை. படலத்தின் அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவு. அங்குள்ள செல்கள் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு, ஏறத்தாழ உறங்குகின்றன. வளரும் செல்லின் செயல்களைத் தாக்கும் மருந்துகள், செயலற்றிருக்கும் செல்லை எளிதில் வீழ்த்துவதில்லை. பெரும்பான்மை மடிந்த பின்னும் இவ்வுறங்கும் சிறுபான்மை எஞ்சி, மருந்து நீங்கியதும் விழித்துப் பெருகுகிறது.

மூன்றாவது காரணம் மரபுவழி வருவது. நான்கிணைய அம்மோனியச் சேர்மங்கள் என்பவை உணவு ஆலைகளில் பரவலாகப் பயன்படும் கிருமிநாசினிகள். சில பாக்டீரியாக்கள், உள்ளே நுழைந்த இச்சேர்மத்தை இறைத்து வெளியேற்றும் புரதங்களைப் பெற்றுள்ளன. அதற்குரிய மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைம்மாறவும் கூடும். இவ்வாற்றல், உரிய அளவில் கலந்த மருந்தை வெல்லும் அளவுக்குப் பெரியதன்று. ஆனால், தரையின் பள்ளத்தில் தேங்கிய நீரில் மருந்து கலந்து வலுவிழந்த இடங்களில், இந்த மரபணு உள்ளவை மட்டும் பிழைத்துப் பெருகும். அரைகுறையாகப் பயன்படுத்திய மருந்து, வலிய கிருமிகளைத் தேர்ந்தெடுத்துத் தரும் சல்லடையாகிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மரபணுவால் வருவது ‘எதிர்ப்புத்திறன்’. அது சந்ததிக்குச் செல்லும். கூட்டமாக வாழ்வதால் வருவது ‘தாங்குதிறன்’. படலத்தைக் கலைத்துத் தனித்தனியே பிரித்தால் அது மறைந்துவிடும். இரண்டாவது வகைக்கு மருந்தின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. படலத்தைக் கலைப்பதே தீர்வாகும்.

தெரிந்து தெளிவோம்

அறுவை மருத்துவத்தில் கார்பாலிக் அமிலத்தைக் கிருமிநாசினியாகப் பயன்படுத்தி, எண்ணற்ற உயிர்களைக் காத்தவர் பிரித்தானிய மருத்துவர் ஜோசப் லிஸ்டர். 1926இல் இங்கிலாந்தில் முயல்களிடமிருந்து ஒரு புதிய பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஹார்வி பிரி என்னும் மருத்துவர் காட்டு எலியினங்களில் அதே கிருமியைக் கண்டு, லிஸ்டரின் நினைவாக அதற்குப் பெயர் சூட்டினார். இன்று அது லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என வழங்குகிறது. கிருமிநாசினியின் முன்னோடியின் பெயரைத் தாங்கிய பாக்டீரியாவே, கிருமிநாசினி தெளிக்கும் ஆலைகளில் நிலைத்து வாழ்வதற்குப் பெயர்பெற்றதாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது

லிஸ்டீரியா மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. பிற கிருமிகள் பலவற்றின் வளர்ச்சி தடைப்படும் குளிர்பதனப் பெட்டியிலும் அது மெல்லப் பெருகவல்லது. உடல்நலம் மிக்கவர்களை அது பெரிதும் வருத்துவதில்லை. ஆனால், கருவுற்ற பெண்கள், பச்சிளங்குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்கு அது எமன். தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் தாக்கும்.

2017ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில், லிஸ்டீரியாவால் தாக்குண்ட பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட உயர்ந்தது. எந்த உணவிலிருந்து நோய் பரவுகிறது என்பதைக் கண்டறிவது எளிதாக இல்லை. இக்கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட 70 நாள்கள்வரைகூட ஆகலாம். இரண்டு திங்களுக்கு முன் உண்டது எது என்று யாரால் நினைவுகூர இயலும்?

2018 ஜனவரியில் ஒரு தடயம் கிடைத்தது. சுவெட்டோவிலுள்ள மழலையர் காப்பகம் ஒன்றின் சிறார் சிலர் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் உண்ட உணவுகளுள் ‘பொலோனி’யும் ஒன்று. சமைத்துப் பதப்படுத்தப்பட்டு, மீண்டும் சூடாக்காமலேயே உண்ணப்படும் இறைச்சி உருளை அது. விலை குறைவு என்பதால் எளிய மக்களின் அன்றாட உணவு. காப்பகத்தின் குளிர்பதனப் பெட்டியில் இருந்த பொலோனியில் லிஸ்டீரியா காணப்பட்டது. அது தயாரான இடத்தைத் தேடிச் சென்ற அலுவலர்கள், பொலோக்வானே நகரிலுள்ள ஆலையின் பல பரப்புகளிலிருந்து மாதிரிகளை எடுத்தனர். நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை என மரபணுத்தொகுதி ஆய்வு முன்னரே காட்டியிருந்தது. அவ்வகையே ஆலையிலும் இருந்தது. 2018 மார்ச் 4ஆம் நாள் நலத்துறை அமைச்சர் இதனை நாட்டுக்கு அறிவித்தார். பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

செப்டம்பரில் நோய்ப்பரவல் முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது, உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 1,060 ஆக இருந்தது. 216 பேர் உயிரிழந்தனர். நோயுற்றோருள் ஏறத்தாழ பத்தில் நான்கு பங்கினர் பிறந்து ஒரு திங்கள்கூட நிறையாத குழந்தைகள். பொலோனி என்னும் சொல்லையே கேட்டிராத, தாய்ப்பாலுக்கு அப்பால் எதையும் சுவைத்திராத சிசுக்கள் அவர்கள்.

சமைக்கும் வெப்பத்தில் லிஸ்டீரியா மடிந்துவிடும். ஆகவே, சமைத்த உணவில் அது காணப்பட்டால், சமைத்தபின் தொட்ட பரப்பு எது என்பதே எழ வேண்டிய முதல் வினா.

பொறிக்குள் ஒளிந்திருந்தது

இதற்குப் பத்தாண்டுக்கு முன், 2008இல், கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கிய இறைச்சி ஆலை ஒன்றிலிருந்து இதே கிருமி பரவி, 57 பேரை நோயுறச் செய்தது. அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாலை கழுவப்படாத ஆலையன்று. இறைச்சியை மெல்லிய வில்லைகளாக அறுக்கும் பெரிய பொறிகள், அவற்றைச் செய்த நிறுவனம் வகுத்த முறைப்படியே தூய்மை செய்யப்பட்டு வந்தன. நோய்ப்பரவலுக்குப் பின் அப்பொறிகளை முற்றிலும் கழற்றிப் பார்த்தனர். வழக்கமான கழுவுதல் சென்றடையாத ஆழ்ந்த உட்பகுதிகளில் இறைச்சித் துணுக்குகள் தங்கி, அங்கே பாக்டீரியாக்கள் குடியிருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தனர்.

வெளியே எவ்வளவு மருந்து தெளித்தாலும், கை எட்டாத இடத்தில் அழுக்கு இருக்குமாயின் அங்கே கிருமியும் இருக்கும். இவ்வுண்மையை அந்நிகழ்வு உலகிலுள்ள உணவு ஆலைகளுக்கெல்லாம் உணர்த்தியது.

கழுவுதலுக்கும் ஒரு முறை உண்டு

உயிர்ப்படலத்தை வெல்லும் வழி, ‘முதலில் அகற்று, பிறகு கொல்’ என்பதாகும். பால் ஆலைகளில் குழாய்களைக் கழற்றாமலேயே கழுவும் முறையில், இவ்வரிசை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறது. முதலில் நீரை ஓடவிட்டு, எஞ்சிய பாலை வெளியேற்றுவர். அடுத்து, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலை வேகமாகச் சுழலவிடுவர்; அது புரதத்தையும் கொழுப்பையும் கரைத்து, படலத்தின் பிடியைத் தளர்த்தும். மீண்டும் நீரால் அலசியபின், அமிலக் கரைசல் பாலின் தாது உப்புகளால் ஆன கல் போன்ற படிவைக் கரைக்கும். திரும்பவும் அலசிய பிறகே கிருமிநாசினிக்கு இடம் வரும். வரிசை மாறினால் பயன் கெடும். அழுக்கின்மேல் தெளித்த குளோரின் அழுக்கோடு போரிட்டே அழியும்.

குழாய்க்கு வெளியே உள்ள பரப்புகளுக்கு இன்றியமையாதது தேய்த்தல். எந்த வேதிப்பொருளும் தூரிகையின் வேலையை முழுமையாகச் செய்துவிடாது. சாம்பலும் புளியும் இட்டுப் பாத்திரத்தை அழுந்தத் தேய்த்த பழைய வழக்கத்தில், சாம்பலின் காரத்தன்மை கொழுப்பை இளக்கியது. புளியின் அமிலத்தன்மை கறையைக் கரைத்தது. கையின் அழுத்தம் இரண்டையும் நிறைவுசெய்தது. ஆலைக்கழுவலில் உள்ள காரம், அமிலம், விசை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன.

பொறியை வடிவமைப்போர்க்கும் இதில் பொறுப்புண்டு. நீர் தேங்கும் மூலைகள், உள்ளீடற்ற உருளைகள், வெடித்த ரப்பர் வளையங்கள், முட்டுச்சந்தாக முடியும் குழாய்கள் ஆகியவை படலத்துக்கு வாய்த்த வீடுகள். எளிதில் கழற்றிக் கழுவத்தக்க பொறியே நல்ல பொறி. ஆலையின் தரைவடிகால் லிஸ்டீரியா விரும்பித் தங்கும் இடம். அங்கே அழுத்தம் மிகுந்த நீரைப் பீய்ச்சினால், கிருமி நீர்த்திவலைகளில் ஏறி உணவுப் பரப்புகளுக்குப் பரவும். ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும். பரப்புகளைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து அடிக்கடி சோதிப்பதும் தேவை. கிருமி இருப்பது தெரியவந்தால் அது ஆலைக்கு இழுக்கன்று. தேடிக் கண்டுபிடித்ததன் பயனாகும். தேடாமலிருப்பதே இழுக்கு.

எட்டாத இடத்தை எட்டுதல்

உணவு ஆலையில் இரவுப் பணி முடிந்தபின், பொறிகளைக் கழற்றி, இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவுவோர் உண்டு. அவர்களின் பணி பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. விரைந்து முடிக்குமாறு அவர்களை நெருக்கும் ஆலை, மிச்சப்படுத்துவது சில மணித்துளிகளை. பணயம் வைப்பது, எங்கோ ஓர் ஊரில் இன்னும் பிறவாத குழந்தையின் உயிரை. அத்தொழிலாளரின் கையிலுள்ள தூரிகை, மருத்துவரின் கையிலுள்ள கருவிக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

லீவன்ஹூக் உப்பால் தேய்த்தார், துணியால் துடைத்தார், காடியால் கொப்பளித்தார். இருப்பினும், துணி புக முடியாத பல்லிடுக்கிலேயே அவ்வுயிர்கள் தங்கியிருந்தன. டொராண்டோவின் அறுவைப் பொறியும் அந்தப் பல்லிடுக்கைப் போன்றதே. எட்டாத இடத்தை எட்டும்வரை தூய்மை முழுமை பெறுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. எதிர்ப்புத்திறன், தாங்குதிறன் ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள குடிநீர்க் கலன்களில், தூரிகை எட்டாத இடங்கள் எவை எனக் கண்டறிந்து, அவற்றைத் தூய்மை செய்யும் முறையை எழுதுக.

3. ‘தூய்மைப் பணியும் மருத்துவப் பணியே’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.